வாசகர் கேள்வி பதில்: சாரைப் பற்றி என்ன எழுதுவது?

இந்த மாதக் கடிதக் கட்டில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, இறந்துபோன ஆசிரியருக்கு நினைவு மலர் போடுகிறவர்கள் அவர் படத்தைப் பக்கம் முழுக்கப் போட்டுவிட்டு அவரைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்குத்தான் இவ்வளவும். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் இருந்து வந்தவை அதிகம் என்பதால் அவற்றை மட்டும் சேர்த்து இந்த முறை பதில் சொல்லிவிடுகிறேன். கவுனி அரிசி எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: என் அப்பச்சி (அப்பா) 34 வருஷம் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார்கள். போன வருஷம் தவறிவிட்டார்கள். வருஷத் திதிக்கு ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்று அண்ணன் தம்பிகள் நினைக்கிறோம். எழுத உட்கார்ந்தால் ‘அன்பானவர், பண்பானவர், நேர்மையானவர்’ என்பதற்கு மேல் ஓடவில்லை. பழைய மாணவர்களிடம் கேட்டால் அவர்களும் அதையேதான் எழுதித் தருகிறார்கள். என்ன செய்வது? (வாசகர், கண்டனூர்)

பதில்: அந்த மூன்று சொல்லையும் முதலில் அடித்துவிடுங்கள். அவை பொய் என்று சொல்லவில்லை, ஆனால் உங்கள் அப்பச்சி இருந்த இடத்தில் வேறு எந்த வாத்தியாரை வைத்தாலும் அவை அப்படியே பொருந்திவிடும். அந்தக் காலத்தில் ரங்கூன் வட்டிக்கடையில் இருந்து மேலாள் (கடையை நடத்துகிறவர்) ஊருக்கு அனுப்பும் ஐந்தொகையில் (வரவு செலவுக் கணக்கில்) ‘வியாபாரம் நன்றாக நடக்கிறது’ என்று மட்டும் எழுதியிருந்தால் முதலாளி ஒப்புக்கொண்டிருப்பாரா? வரவு எவ்வளவு, பற்று எவ்வளவு, யாரிடம் நிற்கிறது என்று கேட்டிருப்பார் இல்லையா. அதே கேள்வியை நீங்களும் கேளுங்கள். நேர்மையானவர் என்றால் எங்கே, எந்த விஷயத்தில், யார் முகத்துக்கு நேராக? அன்பானவர் என்றால் யாருக்கு என்ன செய்தார்?

மாணவர்களிடம் ‘அப்பச்சியைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டால் எல்லாரும் மேடைத் தமிழுக்குப் போய்விடுவார்கள், அது அவர்கள் குற்றம் இல்லை, கேட்ட விதம் அப்படி. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். சார் சொல்லி இன்னும் காதில் கேட்கிற ஒரு வாக்கியம் எது, அவர் செய்து நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு காரியம் எது, அவர் மேல் உங்களுக்கு இருந்த ஒரு கோபம் எது என்று கேளுங்கள். மூன்றாவதைக் கேட்கத் தயங்காதீர்கள். கோபத்தைச் சொல்ல ஆரம்பிக்கிறவர்தான் மற்ற இரண்டையும் ஒழுங்காகச் சொல்வார். பேசிய குரலை அப்படியே எழுதுங்கள், ‘அவர் என்ன பண்ணுவாருன்னா’ என்று இருந்தால் அதைத் திருத்தி ‘அன்னார் யாது செய்வார் எனில்’ என்று ஆக்கிவிடாதீர்கள்.

யாரை முதலில் கேட்பது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நம் மாநிலத்தில் பிளஸ் டூ வந்தது 1978ல். அதற்கு முன்னால் பதினொன்றாம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் போனவர்களுக்கு இப்போது அறுபதுக்கு மேல் ஆகிறது. அப்பச்சி வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருஷங்களில் படித்தவர்கள் என்றால் எழுபதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களை முதலில் போய்ப் பாருங்கள். ஐ.டி. கம்பெனியில் இருக்கிற பையன்கள் இன்னும் நாற்பது வருஷம் இருப்பார்கள், அவசரம் இல்லை.

இன்னொன்று, அப்பச்சி எப்படி வாத்தியார் ஆனார்கள் என்பதை எழுதாமல் விடாதீர்கள். உங்கள் கடிதத்தில் ‘ஐயா (தாத்தா) காலத்தில் பர்மாவில் கடை இருந்தது’ என்று ஒரு ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் கதையே. 1942ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது நம் ஊர்க்காரர்கள் பலர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார்கள், காட்டு வழியாக நடந்தே வந்தவர்களும் உண்டு. போர் முடிந்து திரும்பிப் போனவர்களுக்கு நிலம் தேசியமயம், அப்புறம் கடைகளும் போயின. ஊரில் மிஞ்சியது தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல் தரையும் உள்ள வீடு, அதிலும் பங்காளிகளுக்குப் பங்கு. அவ்வளவு பெரிய முகப்புக்குள் இருந்து ஒரு ஆள் மாதச் சம்பளத்துக்குப் பள்ளிக்கூடம் போனார் என்றால் அன்றைக்கு அது சாதாரணம் இல்லை. அதிலும் தமிழ்ப் பண்டிதருக்கு மற்ற ஆசிரியர்களைவிடச் சம்பளம் குறைவு, மரியாதையும் குறைவு என்று இருந்த காலம் ஒன்று உண்டு. வீட்டில் என்ன சொன்னார்கள்? ‘கணக்கெழுதப் போக வேண்டிய பையன் வாத்தியார் வேலைக்குப் போகிறானே’ என்று யாராவது முகத்தைச் சுளித்தார்களா? உங்கள் அப்பத்தா இல்லாவிட்டால், அப்பச்சியோடு பிறந்த ஆச்சிமார் யாராவது இருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.

வீட்டுக்குள் இருந்த அப்பச்சியையும் எழுதுங்கள். பட்டாலையில் (தூண் வைத்த கூடத்தில்) எந்தத் தூண் பக்கம் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார்கள், சிவப்பு மை பேனாவை யார் தொட்டால் கோபம் வரும், சந்தைக்கு யார் போவது, படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) பங்காளிகள் கூடும்போது அப்பச்சி என்ன வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள், உங்களுக்குப் பரீட்சையில் மார்க் குறைந்தால் வகுப்பில் இருக்கிற அதே ஆள் வீட்டில் எப்படி இருப்பார்கள். உங்களுக்கு இது அற்பமாகத் தோன்றும், ஏனென்றால் தினமும் பார்த்தது. அவரிடம் ஆயிரம் பேர் படித்திருக்கலாம், அவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது.

முப்பது நாற்பது பக்கம் போதும். அமைச்சர் வாழ்த்துச் செய்தி வேண்டாம்.

கேள்வி: எங்கள் தலைமையாசிரியர் காலமாகிவிட்டார். ஊர் முக்கில் பெரிய கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்கலாமா, போஸ்டர் போதுமா? (வாசகர், புதுவயல்)

பதில்: இரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி. 2019ல் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் ஒன்று விழுந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் இறந்துபோனாள், அது ஒரு கல்யாணத்துக்கு வைத்த பேனர். அதற்கு முன்பே நீதிமன்றம் சொல்லிப் பார்த்தாயிற்று, பிறகும் சொன்னது. போஸ்டர்தான் என்றால் ‘இமயம் சரிந்தது’ என்று மட்டும் போடாதீர்கள். நம் தாலுகாவில் இதுவரை சரிந்த இமயங்களை எண்ணினால் சமவெளியே மிச்சம் இருக்காது. பெயர், பள்ளி, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, அடக்கம் எத்தனை மணிக்கு. வெளியூர் மாணவனுக்கு வேண்டியது அதுதான்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். சமீபத்தில்தான் தவறினார்கள். கேதம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ‘சார் எங்களுக்குத் தகப்பன் மாதிரி’ என்றார்கள். என் பெரியவன் வாயே திறக்கவில்லை. உண்மை என்னவென்றால் ஞாயிற்றுக்கிழமைகூட அவர்கள் எங்களுக்கு இல்லை. பையன்கள் வந்து பாடம் படிப்பார்கள், சாப்பாடும் இங்கேதான். ஒரு பையனுக்குக் காலேஜ் பணம் கட்ட என் தாய்வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கை அடகு வைத்தோம், அது திரும்பவே இல்லை. இரங்கல் கூட்டத்தில் ‘சிறந்த குடும்பத் தலைவர்’ என்று பேசினார்கள். நான் என்ன சொல்ல? நினைவு மலரில் என்னையும் எழுதச் சொல்கிறார்கள். (பெயர் வேண்டாம் என்ற வாசகி, கோனாபட்டு)

பதில்: ஆச்சி, எழுதுங்கள். வந்த கடிதங்களில் நான் இரண்டு முறை படித்தது உங்களுடையதைத்தான்.

ஊர் சாரைப் பற்றிச் சொல்கிற நல்லதில் பாதி உங்கள் அடுப்படியில் இருந்து போனது. அவர் பையன்களுக்குப் பாடம் சொன்னார், சரி. அந்தப் பையன்களுக்கு இட்லிக்கு மாவாட்டியது யார்? கிரைண்டர் வராத காலத்தில் கையால் ஆட்டியிருப்பீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை பேர் வருவார்கள், அரிசி எவ்வளவு போடுவீர்கள், குழம்பு பத்தாமல் போனால் என்ன செய்வீர்கள், மாதக் கடைசியில் அவர் மறுபடி ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது உங்கள் மனசில் என்ன ஓடியது என்று அப்படியே எழுதுங்கள். குத்துவிளக்கை எந்தக் கடையில் வைத்தீர்கள் என்று கடை பெயர் வேண்டாம், எவ்வளவுக்கு வைத்தீர்கள் என்பதை எழுதுங்கள். ஏன் மீட்க முடியவில்லை என்பதையும். அது புகாராகிவிடுமோ என்று பயப்படாதீர்கள், கணக்கைச் சொல்வது புகார் ஆகாது. படிக்கிற பழைய மாணவன் ஒருவன், தான் சாப்பிட்ட சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று ஐம்பது வருஷம் கழித்தாவது தெரிந்துகொள்ளட்டும். அவனுக்கு அது சங்கடமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் கேட்காமல் கேட்டிருக்கிற ஒன்று இருக்கிறது, அவர் நல்ல தகப்பன்தானா என்று. அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்திலேயே வேறொரு வரி இருக்கிறது. கல்யாணமாகி உங்களை வேறு வைத்த (தனிக்குடித்தனம் வைத்த) புதிதில், பங்காளி வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள் என்று தெரிந்தும் அவர் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அறுபதுகளில் நம் பக்கத்து வளவில் ஒரு ஆண்பிள்ளை பாத்திரம் துலக்கினார் என்றால் அதையும் எழுத வேண்டும். இரண்டும் ஒரே ஆள்தான். ஒன்றை எழுதி இன்னொன்றை விட்டால்தான் தப்பு. எழுதும்போது நடுவில் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம், ‘ஆனாலும் அவர் மனசு தங்கம்’ என்று முடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

பெரியவனை விட்டுவிடுங்கள். மேடை ஏற்றி ‘அப்பச்சியைப் பற்றி ரெண்டு வார்த்தை’ என்று மைக்கைக் கையில் திணிக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதைப்போல ஒரு கொடுமை கிடையாது. ஊர்ப் பிள்ளைகளோடு தகப்பனைப் பங்கு போட்டுக்கொண்ட பிள்ளைக்கு வருத்தமும் கோபமும் கலந்துதான் இருக்கும். அவன் பேசுகிற அன்று உங்களிடம்தான் பேசுவான், புத்தகத்துக்காக அல்ல. வீட்டோடு இருக்க வேண்டிய விஷயம் என்று உங்களுக்குப் படுவதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். கையெழுத்து சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பேத்தியிடம் சொல்லுங்கள், அவள் போனில் பதிவு செய்து எழுதிவிடுவாள்.

கேள்வி: எங்கள் ஐயா தமிழாசிரியர். ‘நான் வ.சுப.மா.விடம் படித்தவனாக்கும்’ என்று அடிக்கடி சொல்வார்கள். இப்போது ஐயா இல்லை. அந்த வ.சுப.மா. யார், அவரிடம் படித்ததில் என்ன பெருமை? நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. (வாசகி, பொன்னமராவதி)

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பிறந்தவர் அம்மா. மேலைச்சிவபுரி, 1917. முழுப்பெயர் வ.சுப. மாணிக்கம். சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இரண்டு பேரும் போய்விட்டார்கள், தாத்தா பாட்டி வளர்ப்பு. அந்தக் கால வழக்கப்படி பையனை ரங்கூனுக்கு வட்டிக்கடைக்கு அனுப்பினார்கள். பெட்டியடிப் பையன் வேலை, கடையில் ஆகக் கீழ்ப்படி அதுதான், அதற்கு மேல் அடுத்தாள், அதற்கு மேல் மேலாள். ஒரு நாள் வருமான வரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். உள்ளே இருக்கிறவரை இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றான் பையன். வேலை போயிற்று, கப்பல் ஏறி ஊருக்கு வந்தார். ‘பொய் சொல்லா மாணிக்கம்’ என்று பெயர் வந்தது அதனால்தான்.

ஊருக்கு வந்தவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் பண்டிதமணி கதிரேசச் செட்டியார். அவர் 1881ல் மகிபாலன்பட்டியில் பிறந்தவர். பள்ளிக்கூடம் என்று போனது சில மாதங்கள்தான், சிறு வயதிலேயே கால் பாதிக்கப்பட்டு ஊன்றுகோலோடு நடந்தவர். தமிழையும் வடமொழியையும் தானாகத் தேடிப் போய்ப் படித்தார். 1909ல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தொடங்கக் காரணமாக இருந்தார், வடமொழி நாடகமான மிருச்சகடிகத்தைத் தமிழாக்கினார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். பள்ளிக்கூடத்தில் சில மாதங்களே இருந்தவர் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னார் என்பதைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். இப்போது என்றால் பட்டம், தகுதித் தேர்வு என்று கேட்காமல் உள்ளே விட மாட்டார்கள்.

மாணிக்கம் அண்ணாமலையில் படித்து அங்கேயே விரிவுரையாளரானார். அப்புறம் காரைக்குடி அழகப்பா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர், பிறகு முதல்வர். அங்கேதான் உங்கள் ஐயா படித்திருக்க வேண்டும். தமிழ் படித்தவர் கலைக் கல்லூரி முழுவதற்கும் முதல்வராவது அன்றைக்கு அவ்வளவு எளிதாக நடக்கிற காரியம் இல்லை. மறுபடி அண்ணாமலைக்குத் தமிழ்த் துறைத் தலைவராகப் போனார், 1979 முதல் 1982 வரை மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர். சங்க இலக்கியத்தில் காதலைப் பாடும் அகத்திணை பற்றி அவர் செய்த ஆராய்ச்சிதான் ‘தமிழ்க்காதல்’ என்ற புத்தகம். கடைசிக் காலத்தில் தமிழ்வழிக் கல்விக்காக ஓர் இயக்கம் தொடங்கி ஊர் ஊராகப் போனார். 1989ல் காலமானார். பிள்ளைகளுக்குப் பழந்தமிழில் இருந்து தேடித் தேடிப் பெயர் வைத்தவர், அந்த மட்டில் வகுப்பையும் வீட்டையும் அவர் தனித்தனியாக வைத்திருக்கவில்லை.

அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆனவை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். ஆனால் எனக்கு வேறொரு ஆசை. அவர் துணைவேந்தராக இருந்ததை யாரும் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதில்லை, ரங்கூன் கடையில் நடந்ததைத்தான் இன்னும் சொல்கிறார்கள். அதே மாதிரி, வகுப்பில் வ.சுப.மா. எப்படி இருந்தார் என்று உங்கள் ஐயா ஏதாவது ஒன்று சொல்லியிருப்பார்கள். வீட்டில் யாருக்கு அது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டு எனக்கு எழுதி அனுப்புங்கள், பிரசுரிக்கிறேன்.

கேள்வி: அப்பா மாணவராக இருந்தபோது சிக்ரி (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) திறப்பு விழாவில் எடுத்த போட்டோ ஒன்று இருக்கிறது. பின்னால் தேதி இல்லை. எந்த வருஷமாக இருக்கும்? (வாசகர், கோட்டையூர்)

பதில்: அடிக்கல் நாட்டியது நேரு, 1948 ஜூலை 25. திறந்து வைத்தது அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன், 1953 ஜனவரி 14, பொங்கல் சமயம். படத்தில் தலைப்பாகைக்காரர் தெரிந்தால் 1953, தொப்பி போட்டவர் தெரிந்தால் பெரும்பாலும் 1948. கூட நிற்கிறவர்கள் யார் யார் என்று பென்சிலால் போட்டோவின் பின்பக்கம் லேசாக எழுதிவையுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை தடம் போட்டுவிடும்.

கேள்வி: எங்கள் கணக்கு வாத்தியார் அருமையாகச் சொல்லிக்கொடுப்பார். நான் இன்று இன்ஜினீயராக இருப்பதற்கு அவர்தான் காரணம். ஆனால் பிரம்பு இல்லாமல் வகுப்புக்கு வந்ததில்லை. அடி தாங்காமல் என் நண்பன் ஒருவன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். நினைவு மலரில் இதை எழுதினால் இறந்தவரை அவமதிப்பதாகாதா? (வாசகர், திருப்பத்தூர்)

பதில்: ஆகாது. ‘அன்று அவர் அடித்த அடிதான் என்னை ஆளாக்கியது’ என்று எழுதுகிறீர்களே, எல்லா மலரிலும் வருகிறதே அந்த வரி, அதுதான் உங்கள் நண்பனை அவமதிப்பது. ஆளாகாமல் போனவன் மலரில் எழுதுவதில்லை, அதனால் பிரம்புக்கு எப்போதும் நல்ல பெயர் மட்டுமே மிஞ்சுகிறது.

அந்தக் காலத்தில் பிரம்பை யாரும் தப்பாக நினைக்கவில்லை, ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க சார்’ என்று பெற்றோரே சொல்லிவிட்டுப் போவார்கள். இன்றைக்கு 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பதினேழாவது பிரிவில் உடம்பாலோ மனதாலோ பிள்ளையை வதைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்றைய சட்டத்தை வைத்து அன்றைய ஆளைத் தண்டிக்கச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லுங்கள் என்கிறேன். அவர் அல்ஜீப்ராவை எப்படிச் சொல்லிக்கொடுத்தார், நீங்கள் எந்த இடத்தில் புரிந்துகொண்டீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் பிரம்பு. எழுதுவதற்கு முன் அந்த நண்பனைப் போய்ப் பாருங்கள், உள்ளூரில்தான் இருக்கிறார் என்கிறீர்கள். ‘எழுதாதே’ என்று அவர் சொன்னால் எழுத வேண்டாம். ‘என் பெயரையும் போட்டு எழுது’ என்று சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

கேள்வி: இறந்துபோன என் கணவர் முப்பது வருஷப் பாடக்குறிப்பு நோட்டு, மாணவர்கள் எழுதிய கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள், பழைய பாடப்புத்தகங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறார். வீட்டை விற்கப் போகிறோம். எடைக்குப் போட மனசு வரவில்லை. லேமினேட் செய்யலாமா? (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டுகிற பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, உள்ளே இருக்கிற தாள் அதோடு சேர்ந்து மக்கும். செலோடேப்பும் அப்படித்தான், பத்து வருஷத்தில் பழுப்புக் கறை விழும். பரண்மேல் இருக்கிற டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கி, தாள்களை நிழலில் காற்றாட வைத்து, குண்டூசி, கிளிப் எல்லாம் எடுத்துவிட்டு (துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும்) வெள்ளைத் துணியில் கட்டிவையுங்கள். போனில் ஒரு ஸ்கேன் ஆப் போட்டு முதலில் கடிதங்களைப் படம் எடுத்துவிடுங்கள், நோட்டுகள் பிறகு.

கல்யாணப் பத்திரிகையை யார் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஊரில் இருந்து கூப்பிடு தூரத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். 1992ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்க வழி செய்தது. புதுக்கோட்டையில் ஞானாலயா இருக்கிறது. பள்ளி ஆசிரியராக இருந்த கிருஷ்ணமூர்த்தியும் கல்லூரிப் பேராசிரியையாக இருந்த அவர் மனைவி டோரதியும் தங்கள் சம்பளத்தில் வாங்கிச் சேர்த்த நூலகம். இரண்டு இடத்துக்கும் ஒரு பட்டியல் எழுதி அனுப்பிக் கேளுங்கள். பட்டியல் இல்லாமல் மூட்டையோடு போய் நிற்காதீர்கள். மாணவர்கள் எழுதிய கடிதத்தில் குடும்ப விஷயம், கடன் விஷயம் இருந்தால் அதைத் தனியே எடுத்து எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவது நல்லது.

கேள்வி: நாங்கள் பத்துப் பேர் பழைய மாணவர்கள். எங்கள் சார் பெயரில் பள்ளியில் ஒரு பரிசு வைக்க ஐம்பதாயிரம் சேர்த்திருக்கிறோம். வங்கியில் போட்டு வட்டியில் வருஷா வருஷம் பரிசு கொடுக்கலாம் அல்லவா? (தேவகோட்டைக்காரர், இப்போது சிங்கப்பூர்)

பதில்: கொடுக்கலாம், ஆனால் கணக்கைப் பாருங்கள். ஏழு சதவீத வட்டி என்றே வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 3,500 ரூபாய். இன்றைக்கு அது ஒரு நல்ல சைக்கிளுக்கே காணாது, இருபது வருஷம் கழித்து ஒரு பேனா வாங்கினால் பெரிது. ஐம்பது வருஷத்துக்கு முன் வைத்த வெள்ளிப் பதக்கப் பரிசுகள் பல பள்ளிகளில் இப்போது வெறும் சான்றிதழாகத்தான் வருகின்றன. அதனால் வட்டி முழுவதையும் செலவழிக்காமல் ஒரு பகுதியை அசலில் சேர்க்கச் சொல்லி எழுதிவையுங்கள், அல்லது அசலையே பத்து வருஷத்தில் செலவழித்து முடித்துவிடுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. முதல் மதிப்பெண்ணுக்குத்தான் பரிசு என்றும் வைக்காதீர்கள், முதல் மதிப்பெண்காரனுக்கு ஏற்கெனவே நாலு பரிசு இருக்கும். உங்கள் சார் பரீட்சைப் பணம் கட்ட முடியாத பையனுக்குத் தானே கட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதையே தொடருங்கள். கல்லூரி விண்ணப்பக் கட்டணம், பஸ் பாஸ், கண்ணாடி என்று தலைமையாசிரியர் கேட்கிறபோது கொடுக்கிற மாதிரி.

அரசுப் பள்ளி என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாகக் கொடுக்கலாம், ரசீது வரும். யார் கையிலாவது ரொக்கமாகக் கொடுத்து ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு விமானம் ஏறாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் ஒரு கடிதம் போகட்டும். தலைமையாசிரியர் மாறினாலும் தாள் இருக்கும்.

இன்னொரு சிக்கல். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் வெளிநாட்டில் சம்பாதித்த தன் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் பத்துப் பேரில் யாராவது சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டிருந்தால் அவர் பணத்துக்குச் சட்டம் வேறு, வெளிநாட்டு நன்கொடை வாங்க அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் கொடுக்க முடியும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கொட்டுவதற்கு முன் ஒரு ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள். தேவகோட்டைக்காரருக்கு ஆடிட்டரைத் தேடவா தெரியாது, வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலேயே இரண்டு பேர் இருப்பார்கள்.